நீதிமன்றமும் ஏட்டுச்சுவடியும்: சி.வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்வும் பதிப்பு நெறியும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த பதிப்பாசிரியர்களுள் சி.வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) முன்னோடியாக வைத்து எண்ணப்படுபவர். தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, வீரசோழியம், இறையனார் களவியல், சூளாமணி முதலிய நூல்கள் அவருடைய முயற்சியால் பரவலாகப் படிக்கக் கிடைத்தன. அவரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இப்பதிப்புகளையே மையமாகக் கொண்டுள்ளன. அவர் கணக்காய்வாளராகவும், வழக்குரைஞராகவும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கியமை வாழ்க்கைக் குறிப்புகளில் ஓரிரு தொடர்களில் சொல்லப்பட்டு விடுகிறது.

அவர் வகித்த பதவிகளையும் அவர் செய்த பதிப்புகளையும் ஒரே கால வரிசையில் வைத்து நோக்கும்போது இரண்டிற்கும் இடையிலான உறவு புலனாகிறது. சான்றுகளைத் திரட்டல், ஒப்பிடல், காரணம் காட்டி முடிவு கூறல், அம்முடிவைப் பிறர் ஆராய்வதற்கு விடுதல் ஆகிய செயல்கள் அவருடைய வாழ்வின் இரு பகுதிகளுக்கும் பொதுவாக அமைந்துள்ளன. அவ்வுறவைத் தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றின் வழியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

தாமோதரம்பிள்ளை 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் ஊரில் வைரவநாதருக்கும் பெருந்தேவிக்கும் மகனாகப் பிறந்தார். ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்துமே அவருடைய பெயருக்கு முன் சி.வை. என நின்றன. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகப் பின்னாளில் புகழ்பெற்ற தி. முத்துசாமி ஐயர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். ஆங்கிலக் கல்வியின் வழியாக அரசுப் பதவிகளை அடைந்த முதல் தலைமுறையினர் இவர்கள். அத்தலைமுறையின் வாய்ப்புகளும் எல்லைகளும் தாமோதரம்பிள்ளையின் வாழ்விலும் காணப்படுகின்றன.

அவருடைய இளமைக் கல்வி இரு மரபுகளின் சந்திப்பாக அமைந்தது. சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களை அவர் பாடங்கேட்டார். அமெரிக்க மிஷனரியார் 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றைப் பயின்றார். உரையோடு சூத்திரத்தைப் பொருத்திப் பொருள் காணும் பயிற்சியைத் தமிழாசிரியரிடமும், அளவை நூல் வழிப்பட்ட தருக்க ஒழுங்கைச் செமினரியிலும் அவர் பெற்றார் எனக் கொள்ளலாம்.

கல்வி முடிந்தபின் கோப்பாயில் ஆசிரியராகப் பணியாற்றினார். இருபது வயதை ஒட்டிய அப்பருவத்திலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். பின்னாளைய பெரும்பணிக்கு இச்சிறுநூற் பதிப்பே தோற்றுவாயாயிற்று. கிறித்தவக் கல்விச் சூழலில் வளர்ந்த அவர் பின்னர்ச் சைவராகவே வாழ்ந்தார். சைவ மகத்துவம் என்னும் நூலை இயற்றியும், யாழ்ப்பாணத்து ஏழாலையில் பாடசாலை ஒன்றை நிறுவியும் அச்சமயத்திற்குத் தொண்டு செய்தார். இச்சமயச் சார்பு அவருடைய பதிப்புகளை எவ்வளவு தூரம் பாதித்தது என்னும் வினா பின்னர் ஆராயப்படும்.

சென்னை வருகையும் பட்டமும்

பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்த தாமோதரம்பிள்ளை, தினவர்த்தமானி என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அச்சுக்கூடத்தின் நடைமுறைகளையும் அச்சுப்படி திருத்தும் தொழிலையும் அவர் அணுகியறிவதற்கு இவ்விதழ்ப் பணி இடமளித்தது. 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் அவரும், யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த விசுவநாத பிள்ளையும் தேர்ச்சி பெற்றனர். ஆசிரியரும் மாணவருமாகிய இருவரே அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர்.

பட்டம் பெற்றபின் சிறிது காலம் கோழிக்கோட்டில் அரசுக் கல்வி நிலையத்தில் ஆசிரியராக இருந்தார். அதன்பின் சென்னையில் அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, கணக்காய்வுப் பொறுப்புகளை வகித்தார். அப்பணியில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1871-இல் பி.எல். பட்டமும் பெற்றார். 1882-இல் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றார்.

கணக்குச் சாலைப் பணிக்காலத்திலேயே, 1868-இல், தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் தாமோதரம்பிள்ளையால் அச்சிடப்பட்டது. அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். ஆகவே சட்டக் கல்வியே அவரைப் பதிப்பாசிரியராக்கியது என்று கூறுவது காலமுறைக்குப் பொருந்தாது. பற்றுச்சீட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஐயத்திற்கிடமானவற்றைக் குறித்து வைக்கும் கணக்காய்வுத் தொழிலில் அவர் அப்போது ஈடுபட்டிருந்தார். சான்றைச் சான்றோடு ஒத்துநோக்கும் மனப்பாங்கு முதலில் அவரிடம் இருந்தது. கணக்குச் சாலையும் நீதிமன்றமும் ஏட்டுச்சுவடியும் அம்மனப்பாங்கு செயற்பட்ட வெவ்வேறு களங்கள் ஆயின என்பதே ஏற்கத்தக்கது.

தனித்து நின்ற பதிப்பாசிரியர்

1879-இல் ஆறுமுக நாவலர் மறைந்தார். அதுவரை நாவலரின் புலமைத் துணையை நம்பியிருந்த தாமோதரம்பிள்ளை, இனித் தாமே பொறுப்பேற்க வேண்டிய நிலைக்கு ஆளானார். 1881-இல் வீரசோழியம் பெருந்தேவனார் உரையுடன் வெளிவந்தது. 1883-இல் இறையனார் களவியலும் தணிகைப்புராணமும் வெளிவந்தன. 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் வெளிவந்தது.

வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரனார் இயற்றிய இலக்கணம். சைவப் பற்று மிக்க ஒருவர் நாவலரின் மறைவுக்குப்பின் தாமே பொறுப்பேற்ற இலக்கணப் பதிப்புகளின் வரிசையைப் பௌத்த நூலொன்றால் தொடங்கினார். பின்னர்ச் சமணக் காப்பியமாகிய சூளாமணியையும் பதிப்பித்தார். சமயக் கண்டன நூல்கள் மிகுதியாக வெளிவந்துகொண்டிருந்த அக்காலச் சூழலில் இத்தேர்வுகள் கருதத்தக்கவை. தம் சமயத்தைப் பற்றி எழுதும்போது வாதியாக நின்ற தாமோதரம்பிள்ளை, ஏட்டுச்சுவடியின் முன் அந்நிலையை விட்டு விலகினார். நூலின் பழைமையும் பயனும் அழிவின் அண்மையுமே பதிப்புக்குரிய நூலைத் தெரிவதில் அவருக்கு அளவுகோல்களாயின.

வீரசோழியப் பதிப்புரையில் தமிழ் இலக்கிய வரலாற்றை அபோத காலம், அட்சர காலம், இலக்கண காலம், சமுதாய காலம், அநாதார காலம், சமண காலம், இதிகாச காலம், ஆதீன காலம் என எட்டாக அவர் பகுத்தார். சங்க நூல்களுட் பெரும்பாலானவை அச்சேறாத நிலையில் செய்யப்பட்ட இப்பகுப்பில் பல பகுதிகள் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் நூல்களைக் கால வரிசையில் நிறுத்த வேண்டும் என்னும் தேவையை உணர்ந்து, அதற்கான ஒரு முறையைப் பொதுப் பார்வைக்கு வைத்த தொடக்கக்கால முயற்சிகளுள் இஃது ஒன்று. பதிப்புரை என்பது நூலுக்கு வரவேற்புக் கூறும் முகப்பு என்ற நிலையை அவர் மாற்றினார். நூலாசிரியரின் காலம், நூலின் தன்மை, கிடைத்த ஏடுகளின் நிலை, தம் முடிவுக்கான காரணம் ஆகியவற்றை எடுத்துரைக்கும் இடமாக அது அவரிடத்தில் விரிந்தது. தம்மீது எழுந்த கண்டனங்களுக்கும் அவ்விடத்திலேயே விடையிறுத்தார். காரணம் கூறாத தீர்ப்பு தீர்ப்பாகாது என்னும் நீதித்துறை வழக்கத்தை இவ்வமைப்பு நினைவூட்டுகிறது.

கும்பகோணத்து ஆண்டுகள்

அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின் தாமோதரம்பிள்ளை கும்பகோணத்தில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார். அந்நகரின் அரசுக் கல்லூரியில் அப்போது உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராக இருந்தார். சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்திருந்த காலம் அது. தாமோதரம்பிள்ளை அவரைப் பலமுறை சந்தித்து, அந்நூலைத் தாம் வெளியிடுவதற்குத் தருமாறு கேட்டதும், சாமிநாதையர் பெரிதும் தயங்கி இறுதியில் மறுத்ததும் பின்னவருடைய தன்வரலாற்றில் விரிவாகப் பதிவாகியுள்ளன.

இந்நிகழ்ச்சியைப் போட்டி என்னும் நோக்கில் மட்டும் காண்பது போதாது. தாமோதரம்பிள்ளை அப்போது ஐம்பது வயதைக் கடந்தவர்; பொருளதிகாரம் போன்ற பெருநூலைப் பதிப்பித்த அனுபவம் உடையவர். சாமிநாதையர் முப்பது வயதை ஒட்டியவர். சிந்தாமணிக்காகச் சமண சமயக் கொள்கைகளையே புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தவர். கிடைத்த ஏட்டை விரைந்து அச்சிற் காப்பாற்ற வேண்டும் என்பது மூத்தவரின் கவலை. முற்றும் ஆராய்ந்து தெளிந்தபின்னரே வெளியிட வேண்டும் என்பது இளையவரின் நெறி. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இன்றுவரை தொடரும் இரு நோக்குகள் அந்நகரில் நேருக்குநேர் சந்தித்தன. 1887-இல் சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தன. ஒரே ஆண்டில் இரு நெறிகளும் தத்தம் பயனைத் தமிழுலகிற்கு அளித்தன.

புதுக்கோட்டை நீதிபதி

1887-இல் தாமோதரம்பிள்ளை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். சமஸ்தானத்தில் ஆட்சிமாற்றம் நிகழ்ந்திருந்த காலம் அது. மன்னர் இராமச்சந்திரத் தொண்டைமான் 1886-இல் மறைந்தார். அவருக்குப்பின் அரியணைக்குரியவரான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவயதினர். எனவே ஆட்சிப் பொறுப்பு முழுவதும் திவானாகிய அ. சேஷய்ய சாஸ்திரியாரிடம் இருந்தது. 1878 முதல் திவானாக இருந்த அவர், விளைச்சலில் அரசு பங்கு பெறும் அமானி முறையை நீக்கிப் பணத் தீர்வையைக் கொணர்ந்தார். 1888-இல் இனாம் நிலங்களுக்கான ஏற்பாட்டையும் செய்தார்.

நிலவுரிமையும் வரிமுறையும் இவ்வாறு மாறும்போது வழக்காறும் எழுத்தாவணமும் முரண்படுவது இயல்பு. பழைய பட்டயம், சாசனம், ஊர்வழக்கு ஆகியவற்றுள் எதனை எவ்வளவு நம்புவது என்னும் வினா அக்கால நீதிமன்றங்களில் அடிக்கடி எழுந்தது. அத்தகைய காலத்தில் தமிழ் ஆவணத்தைத் தமிழாகவே படித்துப் பொருள் காணும் புலமையும், பல்கலைக்கழகச் சட்டக் கல்வியும், நீண்ட கணக்காய்வு அனுபவமும் ஒருங்கே பெற்றவர் நீதிபதியாக அமர்ந்தமை பொருத்தமுடையதாகும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்துகொண்டு நீதிமன்றத் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862-இல் தமிழாக்கினார். அவர் சட்டத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தார். தாமோதரம்பிள்ளையிடம் காணப்படுவது சான்றாராயும் ஒழுங்கைத் தமிழ் நூற்பதிப்பில் நிலைநாட்டிய செயல்.

நீதிபதிப் பதவி அவருடைய பதிப்புப் பணியை நிறுத்தவில்லை. இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889-இல் வெளிவந்தன. இரண்டும் புதுக்கோட்டைப் பதவிக்காலத்தைச் சேர்ந்தவை. பகலில் வழக்குகளையும் ஏனைய பொழுதில் ஏடுகளையும் ஆராய்ந்த வாழ்க்கை அவருடையது. ஆதீனத்தின் ஆதரவிலோ கல்லூரித் தமிழாசிரியப் பணியிலோ அவருடைய பதிப்புகள் உருவாகவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் சொந்த உழைப்பாலும் ஊதியத்தாலும் ஓய்வு நேரத்தாலுமே அவை பெரும்பாலும் நிலைபெற்றன. பதிப்புச் செலவின் சுமையையும் வாங்குவோரின் குறைவையும் அவர் தம் பதிப்புரைகளில் வருத்தத்துடன் குறித்துள்ளார்.

1890-இல் நீதிபதிப் பொறுப்பினின்று ஓய்வு பெற்றபின் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை 1891-இலும், சொல்லதிகாரத்தை 1892-இலும் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். மழவை மகாலிங்கையர் 1847-இல் எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டிருந்தார். அம்முதல் முயற்சிக்குப்பின் மூன்று அதிகாரங்களையும் ஒருவரே பதிப்பித்து முடித்த பெருமை தாமோதரம்பிள்ளையைச் சார்ந்தது. 1895-இல் அரசாங்கம் அவருக்கு ராவ் பகதூர் பட்டம் வழங்கியது.

மாற்றப்பட்ட முடிவுகள்

தாமோதரம்பிள்ளையின் முடிவுகளுள் சில பின்னர் மறுக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானது பொருளதிகார உரை பற்றியது. 1885-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒன்பது இயல்களின் உரையையும் நச்சினார்க்கினியருடையது எனவே அவர் வெளியிட்டார். அவற்றுள் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய நான்கின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் இரா. இராகவையங்கார் செந்தமிழ் இதழில் நிறுவினார். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை தனியே கிடைத்து அச்சேறியபோது இம்முடிவு மேலும் உறுதிப்பட்டது. இன்று அந்நான்கு இயல்களின் உரை பேராசிரியம் என்றே வழங்குகிறது.

கலித்தொகைக்கும் இத்தகைய நிலையே ஏற்பட்டது. நல்லந்துவனார் கலித்தொகை என்னும் பெயரில் அந்நூலை அவர் வெளியிட்டார். ஐந்து திணைக்குரிய கலிகளும் ஐந்து புலவர்களால் தனித்தனியே பாடப்பட்டவை என்னும் கருத்து பின்னர்ப் பரவலாயிற்று. அனைத்தும் ஒருவர் வாக்கே என்பாரும் உளர். அவ்விவாதம் முழுதும் ஓய்ந்துவிடவில்லை.

இப்பிழைகளைச் சுட்டி அவருடைய பதிப்புகளைக் குறைத்து மதிப்பிடும் போக்கு உண்டு. அவர் காலத்து நிலையை நோக்கினால் அம்மதிப்பீடு முழுமையற்றது என்பது விளங்கும். பொருளதிகாரத்தைக் கற்பாரும் கற்பிப்பாரும் மிக அருகியிருந்தனர். ஏடுகள் தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தன. எழுத்துகள் செல்லரித்தும் தேய்ந்தும் கிடந்தன. படியெடுப்போரின்றி ஆண்டுதோறும் பல அழிந்துகொண்டிருந்தன. புகழ்மிக்க புலவர்கள் பிழை நேருமோ என அஞ்சித் தயங்கினர். அத்தயக்கம் நீடித்தால் திருத்துவதற்கும் நூல் எஞ்சாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இழிவு தமக்கு வரினும் வருக, நூல் நிலைபெற வேண்டும் என்னும் துணிவு அவருடைய பதிப்புரைகளில் வெளிப்படுகிறது. குறைகளைக் கற்றோர் திருத்திக்கொள்ளலாம் என்னும் பணிவும் அத்துணிவோடு இணைந்தே உள்ளது.

இராகவையங்காரின் மறுப்பு எழுவதற்குப் பொருளதிகார உரை முழுமையும் பலர் கையில் இருக்க வேண்டியிருந்தது. இயலுக்கு இயல் உரைநடையை ஒப்பிடவும், ஓரிடத்து உரைக்கருத்து மற்றோரிடத்து உரைக்கருத்தோடு முரண்படுவதைக் காணவும் அச்சுப்பதிப்பே வழிசெய்தது. கீழ்மன்றத் தீர்ப்பு மேன்மன்றத்தில் மாற்றப்படும்போது கீழ்மன்றம் திரட்டிய சான்றுகளே மேன்மன்றத்திற்கும் அடிப்படையாகின்றன. பொருளதிகார உரையாசிரியர் பற்றிய வழக்கிலும் அதுவே நிகழ்ந்தது. தாமோதரம்பிள்ளையின் முடிவு மாற்றப்பட்டது. அவர் தொகுத்தளித்த சான்றுத் தொகுதி நிலைபெற்றது.

முடிவுரை

தாமோதரம்பிள்ளை 1901-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னைப் புரசைவாக்கத்தில் தமது 68-ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டிலேயே மதுரையில் பாண்டித்துரைத் தேவரால் தமிழ்ச்சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. அவருடைய முடிவை மறுத்த கட்டுரை வெளிவந்ததும் அச்சங்கத்தின் செந்தமிழ் இதழில்தான். தனியொருவர் தோளில் சுமந்த பணி அவர் மறைந்த ஆண்டிலேயே நிறுவனப் பணியாக மாறத் தொடங்கியது.

அவருடைய வாழ்வில் அரசுப் பதவியும் நூற்பதிப்பும் இருவேறு பாதைகளாகச் செல்லவில்லை. கணக்குச் சாலையிலும் நீதிமன்றத்திலும் பயின்ற சான்றாராய்ச்சி ஏட்டுச்சுவடிக்கும் பொருந்தியது. பதிப்புரையைக் காரணம் கூறும் இடமாக்கியமை, சமயச் சார்பைக் கடந்து நூல்களைத் தெரிந்தமை, முழுமைக்குக் காத்திராமல் அழிவை முந்திக்கொண்டமை ஆகிய மூன்றும் அவருடைய பதிப்பு நெறியின் கூறுகளாகத் தெளிவாகின்றன. பதிப்பின் தரத்தை அளக்கும்போது பிழைகளின் எண்ணிக்கையோடு, அப்பதிப்பு வெளிவராதிருந்தால் எஞ்சியிருக்கக்கூடியது யாது என்னும் வினாவையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். பொருளதிகாரத்தைப் பொறுத்தவரை அவ்வினாவுக்குரிய விடையே தாமோதரம்பிள்ளையின் இடத்தை உறுதி செய்கிறது.